சிறையிலிருந்து தேவாலயத்துக்கு

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நடக்கத் தனிப் பயிற்சி வேண்டும். வார விடுமுறை கிடைத்த தொழிலாளர்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். பணம் அனுப்பும் கடையில் வரிசை, பூக்கடையில் வரிசை, பரோட்டாக் கடையில் அதைவிடப் பெரிய வரிசை. வீரமாகாளியம்மன் கோயில் மணியும் அங்குலியா பள்ளிவாசலுக்குப் போகும் கூட்டமும் ஒரே நடைபாதையில் கலக்கின்றன. சுற்றுலா வருபவர்கள் இவற்றைப் படம் எடுத்துக்கொண்டு தேக்கா சந்தைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் தேவாலயங்களை அநேகமாக யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

தேக்காவிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம். 1888-ல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்டது. பிரான்சில் உள்ள லூர்து பேராலயத்தை மனத்தில் வைத்துக் கட்டியதால் ஒற்றைக் கூர்கோபுரம் வானத்தில் ஏறி நிற்கிறது. தமிழ்த் திருப்பலி இன்றும் நடக்கிறது. வெளியே படியில் உட்கார்ந்திருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார். ராமநாதபுரம் பக்கம். கட்டட வேலை. "சார் ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்தவர், ஊர்க்காரன் என்ற உரிமையில் தன் கதைக்கு வந்துவிட்டார்.

இங்கே வருவதற்கு ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணம் அவருடைய அக்காவின் நகையை அடகு வைத்து வந்தது. வந்த பிறகு, சம்பளம் சரியாக வரவில்லை என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே மனைவியின் ஊரில் வீடு கட்டியிருக்கிறார். அக்காவுக்கு அது தெரிந்துவிட்டது. நான்கு வருடம் பேச்சில்லை. ஒரு தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் இதைச் சொன்னாராம்.

"சாமியார் ஒண்ணுதான் சார் கேட்டாரு. இதை என்கிட்ட சொன்னியே, அக்காவுக்கு போன் போட்டியான்னு."

"போட்டீங்களா?"

"கடவுள் மன்னிப்பாரு, அது தெரியும். அக்காவை நினைச்சாத்தான் பயம்."

பிறகு மாதாமாதம் அனுப்பி நகையை மீட்டுக் கொடுத்துவிட்டார். அக்கா இன்னும் பேசவில்லை. "பேசாம இருக்கட்டும் சார், அது அவங்க உரிமை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் விட்டுப் போன அந்த வாக்கியத்தோடுதான் அன்றைக்கு மீதி ஊரை நடந்தேன்.

பைபிளில் இதற்கென்று இருக்கும் சொல்லை நம் தமிழ் கொஞ்சம் அழகாகவே பிடித்திருக்கிறது. எபிரேயத்தில் 'ஷூவ்' என்றால் திரும்புவது. வந்த வழியே கால் திரும்புவது. கிரேக்கத்தில் 'மெட்டனோயா' என்றால் மனம் மாறுவது. பழைய தமிழ் பைபிள் இரண்டையும் சேர்த்து 'மனந்திரும்புதல்' என்று ஒரே சொல்லாக்கிவிட்டது. கத்தோலிக்கர்களின் இன்றைய மொழிபெயர்ப்பு 'மனம் மாறுதல்' என்கிறது. எனக்குப் பழையதுதான் பிடிக்கும். அதில் நடை இருக்கிறது. இயேசு சொன்ன கதையில் ஊதாரி மகன் பன்றித் தொழுவத்தில் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கவில்லை, எழுந்து நடந்தான். வரிவசூல்காரன் சகேயு அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். ஒரே இரவில் குருவைக் கைவிட்டவர்கள் இருவர். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசைத் திருப்பி எறிந்துவிட்டுச் செத்துப்போனான். பேதுரு அழுதுவிட்டுத் திரும்பி வந்தான். வருத்தத்தில் யூதாஸ் குறைந்தவன் என்று சொல்ல முடியாது. திரும்பி வந்து முகத்தைக் காட்டும் தைரியம்தான் அவனுக்கு இல்லாமல் போனது.

ஓஃபிர் சாலையை விட்டு சிலிகி சாலைக்கு வந்தால், ஷார்ட் ஸ்ட்ரீட் என்னும் குறுக்குச் சாலையில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை இருக்கிறது. அதைத் தாண்டி நேராகப் போனால் டோபி காட். இன்று பூமிக்கடியில் மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் பெரிய நிலையம். பெயரைப் பாருங்கள்: வண்ணான் துறை. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்தார்கள். ஓடை வாய்க்காலாகி, வாய்க்காலும் மறைந்துவிட்டது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அதன் எதிரே, ஆர்ச்சர்ட் சாலையின் முதல் எண்ணில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடம். இப்போது இருப்பது புதியது. பழையதை 1981-ல் இடித்துவிட்டார்கள். ஜப்பானியர் சிங்கப்பூரை ஆண்ட 1942 முதல் 1945 வரை, அந்தப் பழைய கட்டடம் கெம்பெய்த்தாய் என்ற ராணுவப் போலீஸின் கிழக்கு வட்டாரத் தலைமையகம். வெளியே ஒரு நினைவுக் கல் வைத்திருக்கிறார்கள். ஷாப்பிங் பைகளோடு போகிறவர்கள் கண்ணில் அது படாது. தேடினால்தான் தெரியும்.

1943 செப்டம்பர் 26-ஆம் தேதி இரவு ஆறு வீரர்கள் மூன்று சிறு மடிப்புத் தோணிகளில் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் புகுந்து, ஜப்பானியர் வசமிருந்த ஏழு கப்பல்களில் வெடி ஒட்டிவிட்டுத் தப்பிவிட்டார்கள். சாங்கி சிறையில் அடைபட்டிருந்த வெள்ளைக்காரக் குடிமக்கள்தான் உளவு சொல்லியிருக்க வேண்டும் என்று ஜப்பானியர் முடிவுகட்டினார்கள். உண்மையில் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அக்டோபர் 10-ஆம் தேதி சிறையில் சோதனை நடந்தது. பத்தாம் மாதம் பத்தாம் நாள் என்பதால் 'டபுள் டென்த்' என்று வரலாற்றில் பெயர். 57 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சித்திரவதையில் 15 பேர் இறந்தார்கள்.

பிடிபட்டவர்களில் ஒருவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் சிங்கப்பூர் பிஷப், லெனார்ட் வில்சன். மேசையில் கட்டிப்போட்டு, முடிச்சுப் போட்ட கயிற்றால் நாள் கணக்கில் அடித்தார்கள். 1946 அக்டோபரில் பி.பி.சி. வானொலியில் செய்த பிரசங்கத்தில் அவரே இதைச் சொன்னார். இன்னும் கடவுளை நம்புகிறாயா என்று கேட்டார்களாம்; நம்புகிறேன் என்றாராம். அப்படியானால் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்ற கேள்விக்கு, வலியிலிருந்து காப்பாற்றவில்லை, தாங்கும் மனதைக் கொடுத்துக் காப்பாற்றுகிறார் என்று பதில் சொன்னாராம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து அவர் சொன்னது. அடிக்கிறவர்களின் முகத்தைப் பார்த்தபோது மன்னிக்க முடியவில்லை. சிலர் ரசித்து அடித்தார்கள். அப்போது அவர்களைச் சின்னப் பிள்ளைகளாக, அண்ணன் தம்பிகளோடு விளையாடியவர்களாகக் கற்பனை செய்து பார்த்திருக்கிறார். சின்னப் பிள்ளைகளை வெறுப்பது கஷ்டம். அதுவும் போதவில்லை, அவர்கள் என்னவாக மாற முடியும் என்றும் நினைத்துப் பார்த்தாராம். ஒரு பிஷப் 'எனக்கு மன்னிக்க முடியவில்லை' என்பதிலிருந்து தொடங்குவதால்தான் இந்தக் கதையை நான் நம்புகிறேன்.

ஒய்.எம்.சி.ஏ.விலிருந்து ஸ்டாம்ஃபோர்ட் சாலை வழியாகப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல். நகர மண்டப ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பச்சைப் புல்வெளி நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கும். முதலில் இருந்த கட்டடத்தில் இரண்டு முறை இடி விழுந்து, அதை இடித்துவிட்டு 1856-ல் புதிதாக அடிக்கல் நாட்டினார்கள். 1862-ல் பிரதிஷ்டை. கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து கடல் கடத்தப்பட்ட ஆயுள் கைதிகளை வைத்துத்தான் அன்றைய சிங்கப்பூரின் சாலைகளையும் பெரிய கட்டடங்களையும் எழுப்பினார்கள். நல்ல நடத்தை காட்டிய கைதியையே மற்ற கைதிகளுக்குக் காவலாக வைத்த விசித்திரமான சிறை அது.

உள்சுவரின் பூச்சுக்குப் பெயரே 'மெட்ராஸ் சுண்ணம்'. கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் கரைத்துப் பூசி, காய்ந்த பின் கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கை வைத்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும். அந்தக் கைதிகள் மனந்திரும்பினார்களா? யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அரசுக்கு வேண்டியிருந்தது அவர்களுடைய கைகள். அதைச் 'சீர்திருத்தம்' என்று அதிகாரிகள் பெருமையாக எழுதி வைத்தார்கள். வேலை வாங்குவதற்கு நல்ல பெயர்!

இந்தக் கைதிகள் கட்டிய கோயிலுக்குத்தான் போர் முடிந்த பிறகு இன்னொரு கைதி வந்தார். வில்சனைச் சித்திரவதை செய்த ஜப்பானியர்களில் ஒருவர். கிறிஸ்தவராகி, திடப்படுத்தல் பெறுவதற்காகச் சிறையிலிருந்து அழைத்து வரப்பட்டார். தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டியவர் பிஷப் வில்சன். சபையில் 'திடப்படுத்தல்' எடுத்தவர்களுக்குத் தெரியும்: முழங்காலில் நிற்பவரின் தலையில் பிஷப்பின் இரண்டு கைகளும் அழுந்தும். அந்தக் கைகளின் சொந்தக்காரரைத்தான் அந்த மனிதர் கட்டிவைத்து அடித்திருந்தார்.

நம் ஊர்ப் பிரசங்கங்களில் இந்தக் கதை இங்கேயே முடிந்து, கைதட்டலும் அல்லேலூயாவும் வந்துவிடும். ஆனால் கதீட்ரலை விட்டு வெளியே வந்தால் கூப்பிடு தூரத்தில் பழைய உச்ச நீதிமன்றம் நிற்கிறது. இப்போது அது தேசிய ஓவியக்கூடம். 1946-ல் டபுள் டென்த் வழக்கு அங்கேதான் நடந்தது. 21 பேர் மீது குற்றச்சாட்டு. எட்டுப் பேருக்கு மரண தண்டனை, ஏழு பேருக்கு விடுதலை, மற்றவர்களுக்குச் சிறை. மனந்திரும்பிய மனிதர் இந்த நீதியைத் தாண்டிக் குதித்து வரவில்லை. கைதியாகவே வந்தார். ஞானஸ்நானம் சிறைக்கதவைத் திறக்கும் சாவி என்று அவருக்கு யாரும் வாக்குக் கொடுத்ததாகவும் தெரியவில்லை. அதனால்தான் அந்த மண்டியிடலுக்கு ஒரு எடை இருக்கிறது. ஆதாயம் இருக்கும் இடத்தில் மனந்திரும்புதலைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

எல்லோரும் வில்சன் போலச் செய்ய வேண்டும் என்றும் இல்லை. அதே ஒய்.எம்.சி.ஏ.வில் எலிசபெத் சோய் என்ற ஆசிரியை ஏறக்குறைய 200 நாள் அடைபட்டிருந்தார். கணவரோடு மருத்துவமனைக் கேண்டீன் நடத்தி, சிறையில் இருந்தவர்களுக்குப் பணமும் மருந்தும் ரகசியமாகச் சேர்த்தவர். மின்சார அதிர்ச்சி வரைக்கும் அனுபவித்தார். போருக்குப் பிறகு, தன்னை வதைத்தவர்களுக்கு மரண தண்டனை வேண்டும் என்று கேட்க மறுத்துவிட்டார். போர்தான் காரணம் என்றார். அவரிடம் யாரும் வந்து முழங்காலிட்டதாகக் கேள்விப்படவில்லை. கேட்காதவருக்கும் கொடுத்துவிட்டார்.

ஆனாலும் வில்சன் மன்னிக்கக்கூடியது தன் முதுகில் விழுந்த அடிகளை மட்டும்தான். இறந்த 15 பேரின் சார்பில் அவர் கையெழுத்துப் போட முடியாது. கதீட்ரலுக்குள், பிரசங்க மேடைக்குக் கீழே தூணில் ஒரு சின்னச் சிலுவை இருக்கிறது. 1940-ல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அழிந்த இங்கிலாந்தின் கோவென்ட்ரி தேவாலய இடிபாட்டில் கிடைத்த பழைய ஆணிகளால் செய்தது. அதைப் பார்த்தபோது இதுதான் தோன்றியது: ஒரு ஊர் தன் இடிபாட்டை வைத்துத்தான் மன்னிக்கலாம், அடுத்த ஊரின் இடிபாட்டை வைத்து அல்ல.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் பீச் ரோடு பூங்கா. நான்கு வெள்ளைத் தூண்கள் ஒன்றாக ஏறக்குறைய 68 மீட்டர் எழும்புகின்றன. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்கு இனத்துக்கு ஒவ்வொன்று. ஜப்பானிய ஆட்சியில் கொல்லப்பட்ட பொதுமக்களின் எலும்புகள் அடியில் தாழிகளில் இருக்கின்றன. 1960-களில் பல இடங்களில் தோண்டத் தோண்ட வந்தவை. 1966-ல் ஜப்பான் 2.5 கோடி வெள்ளி மானியமாகவும் 2.5 கோடி வெள்ளி கடனாகவும் தர ஒப்புக்கொண்டு கணக்கை முடித்துக்கொண்டது. 1967 பிப்ரவரி 15-ல் இந்தச் சின்னம் திறக்கப்பட்டது. அரசுகளுக்குக் கணக்கு முடிப்பது தெரியும். சிறையிலிருந்து நடந்து வந்து மண்டியிட்டவர் செய்தது வேறு.

தூணின் அடியில் நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறார்கள், தமிழிலும். நின்று வாசித்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு தேக்காவுக்கு பஸ் பிடித்தேன். பணம் அனுப்பும் கடைகளில் வரிசை இன்னும் குறையவில்லை. ராமநாதபுரத்துக்காரர் அதில் நிற்கிறாரா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். தென்படவில்லை.