எரியாத பஞ்சையும் பார்த்துவிட்டு

ஆஸ்பெஸ்டாஸ் கூரை சூட்டில் வெடித்து, சில்லுச் சில்லாகக் கழிவுப் பஞ்சின் மேல் விழுந்து கிடந்தது. தீயணைப்பு வண்டிகள் திரும்பிப் போய்ப் பல நாளாகியும், உள்ளே கால் வைத்தால் ஈரச் சாம்பல் கணுக்கால்வரை ஏறியது. ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு நூற்பாலையின் குடோன் அது. வாசலில் இருந்த வாட்ச்மேன் நாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்: “கரண்டுதான் சார். போர்டு பக்கம் இருந்துதான் பத்திருக்கு.”

“நீங்க பாத்தீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயர்.

“நான் கேட்ல இருந்தேன் சார். எல்லாரும் சொல்லுதாங்க.”

சர்வேயருடன் வந்திருந்த பெண் இரண்டையும் எழுதிக்கொண்டார். போர்டு பக்கம் என்று ஊர் சொல்வது ஒன்று. சொன்னவர் பார்க்கவில்லை என்பது இன்னொன்று. நான் போனது இந்தப் பெண்ணைப் பார்க்கத்தான். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்காரரின் மகள். ட்ரிபிள்-ஈ படித்தவர். எரிகிற கட்டடத்துக்குள் ஒருநாளும் போனதில்லை, தண்ணீர்க் குழாயைப் பிடித்ததில்லை. ஆனால், எரிந்த இடத்தைப் பார்த்து எப்படிப் பற்றியது என்று சொல்லும் வேலைக்கு வந்திருக்கிறார்.

அனுபவம் இல்லாமல் யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று இந்தத் தொழிலை விசாரிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தீ விபத்து ஆய்வு என்று பலகை மாட்டிய வாசல் நம் ஊரில் எதுவும் இல்லை. தீயணைப்புத் துறையினர் அணைத்த கையோடு தங்கள் அறிக்கையில் காரணத்தையும் எழுதுகிறார்கள். வழக்கு என்று வந்துவிட்டால் சாம்பலும் கம்பியும் மயிலாப்பூரில் இருக்கும் தடய அறிவியல் துறைக்குப் போகும். 1849-இல் மதராஸில் ஏற்படுத்திய இரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்தின் வழியில் வந்த துறை அது. வேதியியல், இயற்பியல் படித்தவர்கள் தேர்வு எழுதி அங்கே நுழையலாம். மூன்றாவது, இன்ஷூரன்ஸ் வழி. பெரிய தொகைக்கு கிளெய்ம் வந்தால் லைசென்ஸ் உள்ள சர்வேயர் நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும். அந்த லைசென்ஸுக்கு ஒரு மூத்த சர்வேயரிடம் பயிற்சி எடுத்துத் தேர்வும் எழுத வேண்டும். இந்தப் பெண் அப்படிச் சேர்ந்தவர். மதுரையிலிருந்து வரும் அவருடைய சர்வேயர், பஞ்சாலைத் தீக்களையே பாதி வாழ்நாள் பார்த்தவர்.

வேலை வெளியிலிருந்து உள்ளே நகர்ந்தது. குறைவாக எரிந்த மூலையில் தொடங்கி அதிகம் எரிந்த மூலைக்குப் போக வேண்டும் என்பது முறை. முதலில் நான்கு பக்கமும் போட்டோ. பிறகு தரையில் நூல் கட்டிக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகக் கொத்தனார் கரண்டியால் சாம்பலை அடுக்கடுக்காக வழித்துச் சல்லடையில் சலித்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசி மூக்கில் ஏறக் கூடாது என்பதால் முகத்தை இறுக்கும் மாஸ்க். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு குனிந்தே இருப்பது எவ்வளவு பாடு என்பது அந்தப் பெண்ணின் சட்டை நனைந்திருந்த விதத்தில் தெரிந்தது. இந்தத் தொழிலின் பெரும்பகுதி இதுதான். சாம்பல் வாரப் பொறுமை இருப்பவருக்கு முன் அனுபவம் இல்லாதது முதல் நாளில் ஒரு குறையாகவே தெரியாது.

வடக்குப் பக்க சீலிங் ஃபேனின் அலுமினிய இறக்கை உருகிக் கட்டியாகத் தரையில் கிடந்தது. உள்ளே செம்புச் சுற்று அப்படியே இருந்தது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், செம்புக்கு 1085 வேண்டும். ஆக, அந்த உயரத்தில் சூடு இரண்டுக்கும் நடுவில் இருந்திருக்கிறது. தெற்குப் பக்க ஃபேன் கரி மட்டும் பிடித்திருந்தது. “அப்போ வடக்குலதான் ஆரம்பிச்சிருக்கு” என்று என் வாய் தானாகச் சொல்லிற்று. அந்தப் பெண் தலையசைக்கவில்லை. “வடக்குல பேல் அதிகம் சார். கதவும் அந்தப் பக்கம், காத்து அங்கதான் வந்திருக்கும். ரொம்ப எரிஞ்ச இடம்னுதான் இப்ப சொல்ல முடியும்” என்றார்.

பிறகு வந்தது கம்பி. வடக்குக் கூரைச் சட்டத்தோடு ஓடிய வயரின் ஓரிடத்தில் கடுகளவு செம்பு மணி ஒன்று திரண்டிருந்தது. மணிக்கு இரண்டு விரல் தள்ளிக் கம்பி வழக்கமான பருமனிலேயே இருந்தது. பொதுச் சூட்டில் உருகியிருந்தால் இப்படிக் கத்தரித்த எல்லை இருக்காது. மின்பொறி அடித்ததன் அடையாளம் அது. எட்டிப் பார்த்த மேனேஜர், “பாத்தீங்களா, ஷார்ட் சர்க்யூட்” என்றார்.

அவர் பின்னால் சற்றுத் தள்ளி ஆலையின் எலக்ட்ரீஷியன் நின்றுகொண்டிருந்தார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். போர்டைத் திறந்து காட்டுவதற்காக அன்று மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். மணி என்ற பேச்சு காதில் விழுந்ததும் அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த மணி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: தீ அங்கே வந்தபோது கம்பியில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. கம்பி தீயை உண்டாக்கியதா, தீ கம்பியின் உறையைத் தின்று ஷார்ட் ஆக்கியதா என்பதை மணியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால், அது எந்த இடத்தில் விழுந்தது என்பது பேசும். அந்தப் பெண் போர்டிலிருந்து கடைசி விளக்குவரை வயரின் பாதையைத் தாளில் வரைந்தார். மணி இருந்தது கடைசிப் பகுதியில். போர்டுக்குப் பக்கத்தில் எங்கும் மணி இல்லை. போர்டின் பிளாஸ்டிக் மூடி வெளியிலிருந்து உருகியிருந்தது. உள்ளே இணைப்புகள் கெடவில்லை. எம்.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் டிரிப் ஆகியிருந்தது. தீ போர்டில் தொடங்கியிருந்தால் முதலில் அங்கேதான் வயர் அறுந்திருக்கும். அறுந்த பிறகு கடைசிப் பகுதிக்குக் கரண்ட் போயிருக்காது, அங்கே பொறியும் அடித்திருக்க முடியாது. தூரத்தில் பொறி அடித்திருக்கிறது என்றால் அதுவரை போர்டு நன்றாக இருந்திருக்கிறது. இதை அவர் எலக்ட்ரீஷியனிடமே வரிசையாகக் கேட்டுக் கேட்டுச் சரிபார்த்தார். “அண்ணே, இந்த லைன் வேற எங்கயாவது பிரியுதா? நடுவுல ஜாயின்ட் உண்டா?”

டீ குடிக்கும்போது சர்வேயரிடம் கேட்டேன், அனுபவம் இல்லாதவரை ஏன் எடுத்தீர்கள் என்று. “பாத்த உடனே முடிவு சொல்ல மாட்டாங்க. பயந்து பயந்து பாப்பாங்க. எனக்கு அந்தப் பயம் வேணும்” என்றார்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் இந்தத் தொழிலின் கசப்பான வரலாறு இருக்கிறது. 1991 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கோர்சிகானா என்ற ஊரில் ஒரு வீடு எரிந்து மூன்று சிறு பெண் குழந்தைகள் இறந்தார்கள். தரையில் இருந்த கருகல் கோலத்தையும் விரிசல் விட்ட கண்ணாடியையும் பார்த்து, எண்ணெய் ஊற்றிக் கொளுத்தியது என்று அனுபவசாலிகள் சாட்சி சொன்னார்கள். தகப்பன் கேமரன் டாட் வில்லிங்ஹாமுக்கு 2004 பிப்ரவரி 17 அன்று மரண தண்டனை நிறைவேறியது. கண்ணாடியில் வலைபோல விரிசல் விழுவது சூடான கண்ணாடியில் தண்ணீர் படுவதால் என்று சோதனைகள் காட்டின. ஓர் அறை முழுவதும் ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும் நிலை வந்துவிட்டால் எண்ணெயே இல்லாமலும் தரையில் அந்தக் கோலங்கள் விழும். அந்த வீடு எரிந்த அதே 1991-இல், ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் ஒரு கொலை வழக்குக்காக, எரிந்த வீட்டைப் போன்ற பக்கத்து வீட்டை அரசுத் தரப்பே கொளுத்திப் பார்த்தது. சோபாவில் வைத்த தீ நான்கரை நிமிடத்தில் அறை முழுவதையும் விழுங்கியது. அவ்வளவு வேகத்தை எண்ணெய் இல்லாமல் எதிர்பார்க்காத அரசுத் தரப்பு, வழக்கைக் கைவிட்டது.

2005-இல் லாஸ் வேகாஸில் இன்னொரு சோதனை. அறைகளை எரித்து, முழுதாகப் பற்றிய பின் அணைத்து, 53 ஆய்வாளர்களிடம் தீ தொடங்கிய கால்பகுதி எது என்று கேட்டார்கள். ஓர் அறைக்குச் சரியாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். என் மனதில் இது வெகுநாள் ஓடிக்கொண்டிருக்கிறது. தீயணைப்பு வீரருக்குத் தன் தவறு உடனே தெரிந்துவிடும், தீ அணையாது. காரணம் எழுதுகிறவருக்கு அப்படி யாரும் வந்து சொல்வதில்லை. தவறாக எழுதிய அறிக்கை கோப்புக்குள் போய் அனுபவம் என்ற கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இருபது வருடம் திருத்தப்படாமல் சொல்லிவந்த ஒருவரைவிட, ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கும் புதியவரைத்தான் நான் நம்புவேன்.

எதை வைத்துச் சோதிப்பது? இரவுகளில் அந்தப் பெண் படிப்பது 1992-இல் முதலில் வெளிவந்த என்எஃப்பிஏ 921 என்ற அமெரிக்க வழிகாட்டி. தீவைப்பு ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் இணையத்தில் இலவசமாக நடத்தும் பாடங்களையும் பார்க்கிறார். ஆனால், சர்வேயர் அவருக்குக் கொடுத்த முதல் வேலை படிப்பில்லை. எரிந்த எதையும் காட்டாமல், ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகளுக்குத்தான் முதலில் அனுப்பினார். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமில் பேல் எப்படிப் பிரிக்கிறார்கள், இரும்புத் துண்டைப் பிடிக்கும் காந்தம் எங்கே இருக்கிறது, கழிவு எந்தக் குழாயில் போகிறது என்று ஷிப்ட் ஷிப்டாக நின்று பார்க்கச் சொன்னார். எரியாத பஞ்சைத் தெரியாதவருக்கு எரிந்த பஞ்சு எதையும் சொல்லாது என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியென்றே படுகிறது, புதிதாக வருகிற எவரும் நாளையே தொடங்கக்கூடிய பயிற்சியும் அதுதான்.

அதன் பலன், குடோனைப் பார்த்த அன்று மாலையே தெரிந்தது. கழிவு அள்ளும் அக்கா ஒருவர், கேட்டதற்கெல்லாம் “தெரியாது” என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இந்தப் பெண் பஞ்சை அடித்துப் பிரிக்கும் பீட்டரில் இரும்புத் துண்டு மாட்டினால் என்ன சத்தம் வரும் என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். “அன்னைக்கும் டக்குனு சத்தம் வந்துச்சும்மா. பொறி தெறிச்சுச்சு, அணைச்சாச்சு. அந்தப் பஞ்சத்தான் அள்ளிக் குடோன்ல போட்டோம்” என்றார். சொன்ன மறுகணமே, “எங்க மேல வந்துருமா?” என்று கேட்டார்.

“எப்படிப் பத்துச்சுன்னுதான் எழுதப்போறோம்க்கா” என்றார் அந்தப் பெண். கூடவே, அக்கா சொன்னது இல்லையென்றால் இந்தக் கோணமே கிடைத்திருக்காது என்றும் சொன்னார்.

இறுக்கிய பஞ்சுக்குள் போன கங்கு சுடர் விடாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். இதைக் கேள்விப்பட்டதோடு விடாமல், ஆலை முற்றத்தில் மணல் வாளியும் தீயணைப்பானும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே கழிவுப் பஞ்சைச் சாக்கில் அமுக்கி நடுவில் ஒரு கங்கை வைத்துப் பார்த்தார்கள். நெடுநேரம் லேசான நாற்றம் மட்டும்தான் வந்தது. சாக்கைப் பிரித்துக் காற்றுப் பட்டதும் குப்பென்று எழுந்தது. தானாகச் சூடேறிப் பற்றியிருக்குமா என்றும் யோசித்தார்கள். ஆளி விதை எண்ணெய் மாதிரித் தாவர எண்ணெய் ஊறிய துணிக்கு அந்தக் குணம் உண்டு. இங்கே கழிவில் இருந்தது மெஷின் ஆயில், கனிம எண்ணெய். அதற்கு அது பொருந்தாது. யாராவது மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கும் இடம் விடாமல், பேல்களின் அடியிலிருந்து மாதிரி எடுத்துப் புதுத் தகர டின்களில் அடைத்தார்கள். சாதாரண பாலித்தீன் பையில் போட்டால் எண்ணெய் ஆவி கசிந்து போய்விடும். தீ படாத மூலையிலிருந்தும் ஒப்பிட ஒரு டின்.

காரணம் சரியாகத் தெரிந்தால் என்ன மாறும் என்பதற்குக் கும்பகோணம் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, சமையல் இடத்துக் கூரையிலிருந்து ஓடியது என்று தெளிவானதால்தான் பள்ளிகளில் ஓலைக்கூரை கூடாது என்று ஆனது. “ஏதோ பத்திருச்சு” என்று விட்டிருந்தால் ஓலை அப்படியே இருந்திருக்கும்.

இரவு அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, புளோரூம் பொறிதான் காரணம் என்று எழுத அந்தப் பெண் துடித்தார். “அந்தக் கங்கு உன் கையில இருக்காம்மா?” என்று கேட்டார் சர்வேயர். இல்லை. அதனால் “வாய்ப்பு அதிகம், உறுதியாகவில்லை, ஆய்வக முடிவு பார்க்க வேண்டும்” என்ற அளவில் நின்றது. ஆனால், தீ போர்டில் தொடங்கவில்லை என்பதற்குக் கையில் ஆதாரம் இருந்தது. முழு அறிக்கைக்கு ஆய்வக முடிவு வர நாளாகும். அந்த எலக்ட்ரீஷியன் அதுவரை கூலி இல்லாமல் வீட்டில் இருப்பாரே, போர்டு விஷயத்தை மட்டும் முதற்கட்ட அறிக்கையில் சேர்க்கலாமா சார் என்று கேட்டார் அந்தப் பெண். சர்வேயர் வயர் படத்தை மறுபடி ஒருமுறை போட்டோக்களோடு வைத்துச் சரிபார்த்தார். “சேரு. ஆலைக்கும் ஒரு காப்பி கொடுக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுது” என்றார். படத்தை ஸ்கேன் செய்து, மணி விழுந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, அன்றிரவே அனுப்பிவிட்டார்கள்.