துவாய்க்குக் கம்பி, அறைக்குத் தகடு

லண்டன் ஈஸ்ட் ஹாமின் வரிசை வீடுகள் பெரும்பாலும் நூறாண்டு கடந்தவை. கட்டிய காலத்தில் உள்ளே குளியலறை இல்லாத வீடுகள் அவற்றில் நிறைய. பிறகு சமையலறைக்குப் பின்னால் ஒட்டிக் கட்டியதுதான் இப்போதைய குளியலறை. நாங்கள் போன வீட்டிலும் அப்படி ஒன்றுதான்: இரண்டு பக்கம் வெளிச்சுவர், இடைவெளியில்லாத கெட்டிச் செங்கல். ஜனவரியில் அங்கே சட்டையைக் கழற்றத் தைரியம் வேண்டும்.

நான் கூடப் போன பிளம்பர் பருத்தித்துறைக்காரர். வீட்டுக்காரப் பெண் சுடுநீர் ஓடும் பளபளப்பான குரோமியத் துவாய்க் கம்பி வாங்கி வைத்திருந்தார். பழைய ரேடியேட்டர் இருந்த இடத்தில் அதை மாட்டினால் போதும் என்பது அவர் எண்ணம். பிளம்பர் மறுத்துப் பேசவில்லை, அளவுநாடாவை எடுத்தார். சுவர், ஜன்னல், கூரை எல்லாம் அளந்து கணக்குப் போட்டார். வெளியே உறைநிலைக்குக் கீழே போகும்போதும் உள்ளே 22 டிகிரி வேண்டுமானால் 650 வாட் தேவை. கம்பியின் பெட்டியில் போட்டிருந்தது 350. குரோமியப் பூச்சு வெப்பத்தை எளிதில் வெளிவிடாது. அதே அளவு வெள்ளைக் கம்பி கூடுதலாகத் தரும்.

“துவாயைப் போட்டா, தங்கச்சி, வெக்கை துவாயோட நிண்டிடும். அறைக்கு வராது.”

பெட்டியில் உள்ள எண்ணும் முழு உண்மையில்லை. குழாய் நீர் சராசரி 70 டிகிரி, அறை 20 என்று வைத்துச் சோதித்த எண் அது. நாளை வெப்ப பம்ப் வைத்து நீரை 50க்கு இறக்கினால் ஏறத்தாழ பாதிதான் கிடைக்கும். கடைக்காரர்கள் இதை ஏன் பொடி எழுத்தில் போடுகிறார்கள் என்பது புரியாத விஷயமில்லை.

முடிவில் ஜன்னலுக்கடியில் இரட்டைத் தகடு ரேடியேட்டர், 60க்கு 40 சென்டிமீட்டர், கதவோரம் கம்பி. பழையதைக் கழற்றியபோது வாளியில் மை போன்ற கறுப்பு நீர் இறங்கியது. இரும்பு உள்ளிருந்தே அரிபட்டு உதிர்ந்த துகள். அலசி முடித்து, துரு தடுக்கும் திரவம் கலந்துதான் மறுபடி நீர் ஏற்றினார். 15 மில்லிமீட்டர் செப்புக்குழாயில் பித்தளை வளையம் நுழைத்து ஸ்பானரால் நட்டை முறுக்கும்போது சரியான இடத்தில் அவர் கை சட்டென்று நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு சுற்றுப் போனால் வளையம் நசுங்கி ஒழுகும்.

அசல் வேலை அதன் பிறகுதான். கொதிகலனுக்குப் பக்கத்து ரேடியேட்டர் சுடுநீரை முதலில் குடித்துவிடும். தலைமடைக்காரன் திறந்து வைத்தால் கடைமடை காய்வது போல. இந்தக் குளியலறைதான் கடைமடை. ஒவ்வொரு அறையாகப் போய், போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் வெப்பமானியைக் கவ்வவைத்து, மூடிக்குள் ஒளிந்திருக்கும் வால்வைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திருகினார். பொறுமையைச் சோதிக்கும் வேலை. அவசரக்காரர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான்.

கோடையில் துவாய் காய கம்பிக்குள் மின்தண்டும் உண்டு. அதன் இணைப்புக்குத் தனியாக எலக்ட்ரீஷியன் வருவார். சுவிட்ச் அறைக்கு வெளியேதான். “அதைப் போடேக்குள்ள ரெண்டு வால்வையும் பூட்டாதேங்கோ. சூடாகிப் பொங்கிற தண்ணிக்குப் போக வழி வேணும்.”

“இனி எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் தேவையில்லைத்தானே அண்ணை? அது குளிர்க்காத்தை இழுக்குது.”

“நிப்பாட்டினா அந்த ரெண்டு சுவரிலயும் பூஞ்சணம் ஏறும். குளிச்சு முடிச்சும் கால் மணித்தியாலம் ஓடட்டும். அந்தக் குளிரையும் சேர்த்துத்தான் 650 போட்டனான்.”