குதிகாலில் தொடங்கு

முதல் நாள் என் கையில் நான்கு பக்கப் படிவம் இருந்தது. கட்டில் இடைவெளி, சாய்தளம், கழிப்பறைக் கைப்பிடி, தீயணைப்பான் என்று வரிசையாகக் கட்டங்கள். சமூகப்பணி படித்துவிட்டு, கோவைப் பக்கம் முதியோர் இல்லங்களைப் பார்த்துக் குறிப்பு எழுதும் ஒரு தன்னார்வக் குழுவில் சேர்ந்திருந்தேன். எனக்கு வேலை கற்றுத்தர வந்தவர் அரசு மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’தான்.

ஒரு மணி நேரத்தில் படிவத்தை முடித்துவிட்டேன். தரை பளபளத்தது. வரவேற்பறையில் ஊதுபத்தி மணந்தது. ‘படுக்கைப்புண்’ என்ற கட்டத்தில் ‘யாருக்கும் இல்லை’ என்று எழுதியிருந்தேன்.

“எப்படிக் கண்ணு கண்டுபிடிச்சே?”

“மேனேஜர் சொன்னாருங்க சிஸ்டர்.”

அவர் பதில் சொல்லவில்லை. ஜன்னலோரம் படுத்திருந்த பெரியவரிடம் போய், “ஐயா, காலைக் கொஞ்சம் பார்க்கட்டுங்களா?” என்று கேட்டார். பெரியவர் தலையசைத்த பிறகே சிஸ்டர் போர்வையை விலக்கினார். குதிகாலைத் தூக்கிப் பிடித்து, என் விரலை அதில் வைக்கச் சொன்னார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாக, கொஞ்சம் கெட்டியாக இருந்தது.

“புஸ்தகத்துல செவப்பா இருக்கும்னு போட்டிருப்பாங்க. நம்ம கறுத்த தோல்ல செவப்பு எங்க தெரியுது? தொட்டாத்தான் தெரியும்.”

புண் அப்படித்தான் தொடங்குமாம். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கும்போது ரத்த ஓட்டம் நிற்கிறது. குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி மூன்றும் முதலில் கெடும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கமான கணக்கு. அந்த இல்லத்தில் அதற்கென்று ஒரு நோட்டும் இருந்தது. நாங்கள் அதைப் பிரித்தபோது காலை மணி 11. மாலை 4 வரை திருப்பியாகிவிட்டதாக டிக் போட்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆயாவின் மேல் புகார் எழுதப் போனேன். சிஸ்டர் தடுத்தார். “ராத்திரி எத்தனை பேர் இருக்காங்கன்னு முதல்ல கேளு.”

ஒரே ஓர் ஆயா. எழ முடியாமல் கிடப்பவர்கள் 9 பேர். ஒருவரைத் திருப்பித் துணி மாற்ற 10 நிமிடம் என்றாலும், ஒரு சுற்று முடிய ஒன்றரை மணி நேரம். அரை மணி நேரத்தில் அடுத்த சுற்று. இடையில் யாராவது தண்ணீர் கேட்டால்? டிக் எப்படி விழுகிறது என்று அப்போது புரிந்தது. என் குறிப்பில் ஆயாவின் பெயரை அடித்துவிட்டு, இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பேர் என்று எழுதினேன்.

அடுத்த பாடம் எடை. பதிவேட்டில் ஒரு பாட்டிக்கு நான்கு மாதமாக 48 கிலோ. அவர் கையைத் தூக்கியபோது வளையல் முழங்கை வரை இறங்கியது. எடை மெஷினைக் கேட்டோம். ஸ்டோர் ரூமில் பேட்டரி தீர்ந்து கிடந்தது. ஒரு மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். 48 கிலோவுக்கு அது இரண்டரை கிலோகூட இல்லை. மெஷின் இல்லாமல் அதை யார் கண்டுபிடிப்பது?

மூன்றாவது பாடத்தைச் சிஸ்டர் கேள்வியாகவே கற்றுத்தந்தார். “இங்க வரும்போது நடந்து பாத்ரூம் போனவங்க எத்தனை பேர்? இப்ப டயபர் போட்டிருக்கிறவங்க எத்தனை பேர்?” கூட்டிப்போக ஆள் இல்லாததால் டயபர் கட்டிவிடுகிறார்கள். நடக்காத கால் சில வாரங்களில் நடப்பதை மறந்துவிடுகிறது.

சில மாதம் கழித்து வேறொரு சின்ன இல்லத்துக்குச் சொல்லாமல் மதியச் சாப்பாட்டு வேளையில் போனோம். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. ஓர் ஆயா ஸ்டூலில் உட்கார்ந்து, தலைமாட்டை உயர்த்தி வைத்த ஒரு தாத்தாவுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாய் விழுங்கி முடித்ததைப் பார்த்தே அடுத்த வாய். தட்டு காலியான பிறகும் கட்டிலைத் தாழ்த்தவில்லை. “உடனே படுத்தா புரையேறிரும்ங்க, அரை மணி ஆகட்டும்” என்றார். தாத்தாவிடம் கேட்டுவிட்டுக் குதிகாலைத் தொட்டேன். சில்லென்று, மென்மையாக இருந்தது. என் படிவத்தின் கட்டட மதிப்பெண்ணில் அந்த இல்லம் தேறாது. என் பாட்டியை அங்கே விடுவேன்.

உங்கள் அப்பாவோ அம்மாவோ இல்லத்தில் இருந்தால், அடுத்த முறை போன் செய்துவிட்டுப் போகாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள். எடை மெஷினைக் கேளுங்கள். இரவில் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். குறை கண்டு, கேட்டும் சரியாகவில்லை என்றால் மூத்த குடிமக்களுக்கான 14567 உதவி எண் இருக்கிறது; கட்டணம் கிடையாது. கிளம்புமுன், அவர்களிடம் கேட்டுவிட்டு, குதிகாலைக் கையில் ஏந்திப் பாருங்கள்.