சத்தமாச் சொல்லுடா!



கோவில்பட்டியில் எங்கள் வீட்டு டிவி சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். காரணம் என் காது. சத்தம் தாங்காமல் என் மனைவி, கரிசல் புழுதிக் காற்றானாலும் பரவாயில்லை என்று திண்ணைக்குப் போய்விடுவாள்.

போன மாதம் மகன் ஒரு புளூடூத் அடாப்டர் வாங்கி வந்தான். தீப்பெட்டி அளவுதான். டிவியின் ஹெட்போன் துளையில் செருகியதும் என் காதில் தெளிவாகக் கேட்டது; டிவி ஊமையாகிவிட்டது. "நீங்க மட்டும் கேட்டாப் போதுமாக்கும்?" என்றாள். நியாயந்தானே! பிறகு ஆப்டிகல் துளையில் மாட்டி, டிவி செட்டிங்கில் ஒலியை 'பிசிஎம்' என்று மாற்றினோம். இரண்டிலும் கேட்டது. ஆனால் வாய் அசைந்த பிறகே சொல் வந்தது. அடாப்டர், ஹெட்போன் இரண்டிலும் ஒரே 'லோ லேட்டன்சி' வசதி இருந்தால்தான் அந்தத் தாமதம் குறையுமாம். ஹெட்போனை மாற்றினோம், சரியாயிற்று. வாங்குபவர்கள் 'டிரான்ஸ்மிட்டர்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வெறும் 'ரிசீவர்' இதற்கு உதவாது.

இப்போது இருவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்தி பார்க்கிறோம்.

ஒன்றுதான் உறுத்துகிறது. கடைசி வருஷங்களில் வகுப்பில் "சத்தமாச் சொல்லுடா" என்று எத்தனை பேரை நிற்க வைத்தேன்! குறை உங்கள் குரலில் இல்லையப்பா, என் காதில். மன்னித்துக்கொள்ளுங்கள்.

காது மந்தம் என்று தோன்றினால் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். நான்தான் தாமதித்துவிட்டேன்.