ஒன்பது அங்குல பிரேக்

10 பெப்ரவரி 2024, வட்டவளை

"ஏத்தத்துல புல்லிங் இல்ல தம்பி. இஞ்சினைக் கழட்டிட்டு ஜப்பான் டீசல் ஒண்ண வச்சிருவோம்." மாமா சொல்லிவிட்டார். சிவராத்திரி வரைக்கும் பொறுங்க மாமா என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஜீப் அமெரிக்காவின் டொலிடோ நகரத்துத் தொழிற்சாலையில் பிறந்த வில்லிஸ், சிஜே 3பி வகை. 1953 முதல் 1968 வரை செய்யப்பட்டது. துரைமார் ஓட்டி முடித்த வண்டி. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போன காலத்தில் டெண்டரில் வந்தது, மாமா எடுத்தார். மேல் டிவிஷனிலிருந்து அரிசி மூட்டை, கல்யாணச் சாமான், இரவில் வலி கண்ட பிள்ளைத்தாச்சி, எல்லாவற்றையும் இறக்கிக் கொண்டுவந்தது இதுதான். கிளங்கன் ஆஸ்பத்திரிக்கு இது போகாத மாதம் இல்லை.

மாமா கேட்பதில் நியாயம் உண்டு. மிட்சுபிஷிக்காரன் இதே ஜீப்பை 1953இலேயே உரிமம் வாங்கிச் செய்யத் தொடங்கி 1998 வரை விடாமல் செய்தான். அவனுடைய 4டிஆர்5 டீசல், 2.7 லீற்றர், இந்த உடம்புக்கென்றே அளவெடுத்தது. இலங்கையில் எந்தக் கராஜிலும் அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆள் இருப்பார். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த இஞ்சினில் பலம் இல்லாமல் இல்லை. மூச்சு அடைத்துக் கிடக்கிறது.

11 பெப்ரவரி

காலையிலிருந்து பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். இதன் முகம் மற்ற வில்லிஸை விட உயரம். காரணம் உள்ளே இருக்கிறது. போர்க்கால ஜீப்பில் இரண்டு வால்வுகளும் பிளாக்கில், பக்கவாட்டில் இருந்தன; 60 குதிரைவலு. அதே 2.2 லீற்றர் பிளாக்கை வைத்துக்கொண்டு, காற்று புகும் வால்வை மட்டும் மேலே ஹெட்டுக்குத் தூக்கினார்கள். வலு 75 ஆனது. இஞ்சின் உயர்ந்ததால் பொனற்றும் உயர்ந்தது. புதிய இஞ்சின் செய்யாமல், அதே இஞ்சினுக்கு நன்றாக மூச்சு விடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இந்த வண்டியில் பிடித்ததே அந்த யோசனைதான்.

அந்த 75 கடற்கரை மட்டத்துக் கணக்கு. வட்டவளை ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் உயரம். காற்று பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும், வலுவும் அப்படியே 68 அளவுக்கு இறங்கும். 1868 மீற்றரில் உள்ள நுவரெலியாவுக்குப் போனால் 62தான் மிச்சம். காற்று குறையக் குறைய காபரேட்டர் பெற்றோலைக் கூட்டி ஊற்றும். பிளக் கறுக்கும், புகை கறுக்கும். நம்முடையதில் நான்கு பிளக்கும் கரி பிடித்திருந்தன. கார்ட்டர் காபரேட்டரின் மெயின் ஜெட்டை ஒரு அளவு குறைக்க வேண்டும்.

14 பெப்ரவரி

இரவு அமெரிக்க மசில் கார்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். 1964இல் பொண்டியாக் ஜிடிஓ வந்தது. நடுத்தரக் குடும்பக் காருக்குள் 389 கன அங்குல வி8 இஞ்சினைத் திணித்து 325 குதிரைவலு என்று விற்றார்கள். அந்த வகைக்கே அதுதான் வழிகாட்டி. நம் கராஜ் பாஸ்மார் வில்லிஸுக்குள் டீசலைத் திணிப்பதும் அதே வேலைதான்: சின்ன உடம்பு, பெரிய இதயம்.

ஜிடிஓவின் பிரேக்கைப் பற்றிப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தேன். ஒன்றரை தொன்னுக்கு மேல் எடை, 325 குதிரைவலு. நிறுத்துவதற்கு நான்கு சக்கரத்திலும் ஒன்பதரை அங்குல டிரம். பிரேக் எண்ணெய்க்கு ஒரே ஒரு பாதை. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டர் 1967 மாடல்களில்தான் பொதுவாக வந்தது. ஜிடிஓவில் முன்சக்கர டிஸ்க் கேட்டு வாங்க முடிந்ததும் அந்த வருடம்தான். அந்த மூன்று வருடம் அவ்வளவு வேகத்தை எதை நம்பி ஓட்டினார்கள்?

நம் ஜீப்புக்கு ஒன்பது அங்குல டிரம், அதே ஒற்றைப் பாதை. இதில் டீசலை வைத்துக் கனத்தையும் கூட்டி, கரோலினாத் தோட்டப் பக்கத்து வளைவுகளில் ஆட்களை ஏற்றி இறக்குவதா? வலுவைப் பற்றிய பேச்சு பிறகு. முதலில் பிரேக். மாமாவிடம் காலையில் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

18 பெப்ரவரி

அடுத்த லயத்துத் தம்பி வந்தான். அவன் நண்பர்கள் எல்லாரும் 31 அங்குல டயர் போட்டிருக்கிறார்களாம், பார்க்க எடுப்பாக இருக்குமாம். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். நம் அச்சில் பல்சக்கர விகிதம் 5.38, டயர் 28 அங்குலம். டயரை 31 ஆக்கினால் அந்த 5.38 தானாக 4.86 ஆகிவிடும். பத்து வீதம் இழுவையை விலை கொடுத்துத் தொலைப்பதற்குச் சமம். ஏற்றத்தில் வாழ்கிற நமக்கு அது எதற்கு?

அதே காகிதத்தில் இன்னொன்றும் தெரிந்தது. இந்த இஞ்சின் முழு முறுக்குவிசையைத் தருவது நிமிடத்துக்கு 2000 சுற்றில். இரண்டாம் கியரில் 2000 சுற்று என்றால் மணிக்கு 32 கிலோமீற்றர். நம் வளைவு ரோட்டில் யாரும் ஓட்டக்கூடிய வேகம் அதுதான். டொலிடோவில் இருந்தவர்கள் வட்டவளையைக் கண்டதே இல்லை. இருந்தும் கணக்கு நமக்கென்றே பொருந்தியிருக்கிறது. தம்பி காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

24 பெப்ரவரி

பஞ்சிகாவத்தை, வண்டி உதிரிப்பாகக் கடைத்தெரு. நேற்றுப் போயா விடுமுறை, கடைகள் பூட்டு. இன்று விடியற்காலை பஸ்ஸில் கொழும்பு போய் இருட்டில் திரும்பினேன். கடை கடையாக ஏறி இறங்கியதில் இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டரும் சுசுக்கி ஜீப்பின் முன் டிஸ்க் ஜோடியும் கிடைத்தன. சுசுக்கிதான் வேண்டும் என்று போனதற்குக் காரணம், வீல் நட்டு அமைப்பு வில்லிஸுக்கும் அதற்கும் ஒன்றே: ஐந்து துளை, ஐந்தரை அங்குல வட்டம். கலிப்பரைப் பிடிக்கும் இரும்புத் தகட்டை மட்டும் லேத்தில் வெட்டினால் போதும்.

டிஸ்க்கில் நான் பிடிவாதமாக இருப்பது நம் மழைக்காக. வருடத்தில் ஐயாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும் ஊர் இது. ஓடையைக் கடந்தால் டிரம்முக்குள் தண்ணீர் தங்கும், பெடலை மிதித்தால் வழுக்கும். டிஸ்க் தண்ணீரைச் சுழற்றி எறிந்துவிடும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள் இது முடிந்தாக வேண்டும்.

2 மார்ச்

பாஸ் ஹெட்டைக் கழற்றினார். வால்வு, கைட் எல்லாம் பார்த்தார். "இஞ்சின் உயிரோடதான் இருக்கு, கொல்லாதீங்க" என்றார் மாமாவைப் பார்த்து. மாமா பேசவில்லை.

கரியைச் சுரண்டி, ஹெட்டை லேத்தில் மெல்லியதாகச் சீவினோம். பழைய அமுக்க விகிதம் 6.9. அன்றைய தரங்குறைந்த பெற்றோலிலும் ஓட வேண்டும் என்பதற்காக அவ்வளவு தாழ்த்தி வைத்தார்கள். இன்று நாம் அடிப்பது 92 ஒக்டேன். ஏழரை வரை ஏற்றினாலும் தட்டாது. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இன்னும் பயமில்லை. பூட்டும்போது வால்வு இடைவெளியைக் கையால் பார்த்துப் பார்த்து வைத்தார்: மேலே 18, கீழே 16, ஆயிரத்தில் ஓர் அங்குலக் கணக்கில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது.

ரேடியேட்டரையும் கழற்றிக் கழுவினோம். மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்; இங்கே 97 பாகை, நுவரெலியாவில் 94. அழுத்தம் தாங்கும் நல்ல மூடி போட்டால் ஒவ்வொரு இறாத்தல் அழுத்தத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரை பாகை திரும்பக் கிடைக்கும்.

3 மார்ச்

நாள் முழுக்க பிரேக். இந்த ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் கால்பலகைக்குக் கீழே, கலிப்பரை விடத் தாழ்வாக இருக்கிறது. சும்மா விட்டால் எண்ணெய் பின்னோக்கி வடிந்து, முதல் மிதியில் பெடல் ஆழத்துக்குப் போய்விடும். ஆகவே டிஸ்க் பாதையில் இரண்டு இறாத்தல் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் சிறு வால்வு ஒன்று. டிரம்முக்கு உரிய பத்து இறாத்தல் வால்வை அந்த இடத்தில் வைத்தால் டிஸ்க் எப்போதும் உரசிக்கொண்டே ஓடும், சூடாகும். பின்சக்கரத்துக்கு டிரம்மே போதும் என்று முடிவு செய்தோம். ஷூ மட்டும் புதிது.

8 மார்ச், சிவராத்திரி

கினிகத்தேனைக்கு இறங்கி, உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். மாமா ஓட்டினார். முன்பெல்லாம் முதல் கியருக்கு விழும் ஏற்றங்களை இரண்டாம் கியரிலேயே ஏறியது. வெப்பமானியின் முள் பாதிக்கு மேல் போகவில்லை. இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டு இஞ்சினாலேயே பிடித்து வந்தார். டிஸ்க்கைத் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் தொட்டார். நல்ல டிரைவர். எந்த பிரேக்கை வைத்தாலும் இந்தப் பழக்கத்தை விடக்கூடாது என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லித்தந்தவரும் அவர்தான்.

பூசைக்கு முன்னால் வீட்டில் கேட்டேன், டீசல் என்ன ஆச்சு மாமா என்று. "இருக்கட்டும் பார்ப்போம். பெற்றோல் எவ்வளவு குடிக்குதுன்னு ஒரு மாசம் எழுதி வை." 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு அளந்து வாங்கிய நாட்களை அவர் மறக்கவில்லை. அந்தப் பயம் நியாயமானது. எழுதி வைக்கிறேன்.

10 மார்ச்

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நான்கும் வெளிர் பழுப்பு. வட்டவளைக்கு ஜெட் சரி. நுவரெலியா உயரத்துக்கு இன்னும் ஒரு அளவு சின்னது தேவைப்படலாம். சித்திரை சீசனுக்கு ஆட்களை ஏற்றிப் போகும்போது இரண்டையும் எடுத்துச் சென்று அங்கேயே மாற்றிப் பார்க்க வேண்டும். 1934இலிருந்து மகாகஸ்தோட்டையில் மலையேற்ற ஓட்டம் நடந்து வருகிற ஊர், ஜெட் விற்கவும் மாற்றவும் ஆள் இருக்கும்.

இனி மிச்சம் கைப்பிரேக். இந்த வண்டியில் அது பின்னே போகும் தண்டைப் பிடிக்கிற ஒற்றை டிரம். மேல் டிவிஷன் சரிவில் நிறுத்தினால் இன்னமும் சக்கரத்துக்குக் கல் வைக்கிறோம். அடுத்த ஞாயிறு பாஸ் வருகிறார்.