ஓட்டத் தெரியாத மெக்கானிக்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பேரவைத் தம்பிகள் வந்து நின்றபோது, "எனக்குக் கவிதையெல்லாம் வராதுப்பா" என்று நழுவப் பார்த்தேன். "கவிதை ஏற்கெனவே முப்பது சேர்ந்துடுச்சுண்ணா. அதுல இருபத்தெட்டு காதல். நீங்க வேற ஏதாச்சும் எழுதுங்க" என்றார்கள். சரி, காதலை விட என்னை அதிகமாக வியர்க்க வைத்த ஒரு சமாச்சாரத்தைப் பற்றி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கார் ஓட்டுவது!

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. பகுதிநேர மெக்கானிக்கல். பகலெல்லாம் சேலத்தில் ஒரு கார் ஒர்க்ஷாப்பில் வேலை, மாலையில் வகுப்பு. பதினாறு வயதில் ஸ்பானர் பிடித்தவன். கியர் பாக்ஸை இறக்கி, பிரித்து, சிங்க்ரோ ரிங் மாற்றி, மறுபடி ஏற்றிவிடுவேன். கிளட்ச் பிளேட் எத்தனை மாற்றியிருப்பேன் என்று கணக்கு இல்லை. ஆனால் 29 வயது வரை எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சிரிக்காதீர்கள். சமையல்காரருக்குப் பசி இல்லாத மாதிரி இதுவும் ஒரு ஜாதகம்.

டூவீலர் ஓட்டுவேன். அதில் பயம் கிடையாது. அது என் உடம்போடு சாய்கிறது, காலை ஊன்றினால் நிற்கிறது. நாலு பக்கமும் கதவு மூடி, கண்ணாடி ஏற்றி, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடும். உள்ளங்கை நனைந்துவிடும். வலது கை தானாகப் போய்க் கதவுக் கைப்பிடியைத் தேடும்.

கைப்பிடியை ஏன் தேடுகிறது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

2007 மே மாதம். எனக்கு 13 வயது, பள்ளி விடுமுறை. சங்ககிரியில் இருக்கும் என் மாமா, அம்மாவின் தம்பி, லாரி டிரைவர். "வர்றியாடா மாப்ளே, ஊர் சுத்திட்டு வரலாம்" என்று கூட்டிப் போனார். கிருஷ்ணகிரியில் மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு சேலம் திரும்புகிறோம். தருமபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாய். வடக்கேயிருந்து வருகிறவனுக்கு அங்கே நல்ல இறக்கம். மாமா கியரை நியூட்ரலில் தட்டிவிட்டார். அந்தக் காலத்தில் பல டிரைவர்கள் செய்ததுதான், இப்போதும் சிலர் செய்கிறார்கள். ஒவ்வொரு லிட்டர் டீசலுக்கும் முதலாளியிடம் கணக்குச் சொல்ல வேண்டியவர்களின் பழக்கம் அது.

முதலில் ஒரு வாசனை வந்தது. கருகிய வாசனை. பிறகு மாமா பிரேக்கை மிதித்தார், மறுபடி மிதித்தார், எழுந்து நின்று மிதித்தார். கியரில் போடப் பார்த்தார், விழவில்லை, கரகரவென்று கத்தியது. ஹாரன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கதவைத் தொறந்து கையில புடிச்சுக்க. நான் சொன்னா குதிச்சிரு."

கதவைத் திறந்து கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கீழே ரோடு ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. மாமா குதிக்கச் சொல்லவே இல்லை. லாரியை இடது பக்கம் மண் மேட்டோடு உரசி உரசி ஏற்றி நிறுத்திவிட்டார். என் பக்கக் கதவு பிய்ந்து போனது. அவருக்கு இடது முழங்கால் உடைந்தது, எனக்குக் கையில் சிராய்ப்பு. வேறு யார் மேலும் மோதவில்லை. ரோடெல்லாம் மாங்காய். ஜனங்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே மாங்காயும் பொறுக்கினார்கள். யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன், நல்ல மல்கோவா!

அதற்குப் பிறகு நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்பவனாக ஆகிவிட்டேன். ஸ்டியரிங் பக்கம் போகவில்லை.

ஒர்க்ஷாப்பில் இது பல வருஷம் ஓடியது. நான் வேலையை முடிப்பேன், ரோடு டெஸ்டுக்கு வேறு பையன் போவான். திரும்பி வந்து, "அண்ணா, மூணாவதுல ஒரு ஊளைச் சத்தம் வருதுண்ணா" என்பான். அந்த ஊளை எப்படி என்று அவனை வாயால் ஊளையிடச் சொல்லிக் கண்டுபிடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அது ஒன்றும் பெரிசாக உறைக்கவில்லை. உறைத்தது பிரேக் வேலைதான். லைனர் மாற்றி, ஏர் எடுத்து, பெடலை அமுக்கிப் பார்த்து, "போய் ஒரு ரவுண்டு பாத்துட்டு வாடா" என்று பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தனை ஏற்றி அனுப்புவேன். அவன் திரும்பி வரும் வரை கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் கட்டிய பிரேக்குக்கு அவன் உயிர் ஜாமீன்! ஒரு நாள் அந்தப் பையன் விளையாட்டாக, "ஏண்ணா, உங்க வேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுவிட்டான். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டினேன். மாஸ்டர் நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்குக் காலை ஆறு முதல் பத்து மணிக்குள் பன்னிரண்டு பேரை முடித்தாக வேண்டும். "கதவை எதுக்குய்யா புடிக்கிறே, ஸ்டியரிங்கைப் புடி!" என்று கத்துவார். அவர் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். வண்டியை உண்மையில் ஓட்டியது அவர் கால்தான். நான்காம் நாளோடு நின்றுவிட்டேன்.

பிறகுதான் நம் வகுப்புத் தம்பி ஒருவன் வந்து சேர்ந்தான். பேர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான். பகலில் கால் டாக்ஸி, மாலையில் கடைசி பெஞ்ச். என்னை விட ஏழு வயசு சின்னவன். வெப்பவியல் வகுப்பு முடிந்து டீக்கடையில் நின்றபோது, நான் நோட்டின் பின்பக்கத்தில் போட்டிருந்த ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டான்.

அது தொப்பூர் கணக்கு. 16 டன் லாரி, 100 மீட்டர் உயரம் இறங்குகிறது. நிறை, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 1 கோடியே 57 லட்சம் ஜூல். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் இத்தனையும் எங்காவது போய்ச் சேர வேண்டும். காற்றும் டயரும் வாங்கிக்கொள்வது கொஞ்சம்தான். நியூட்ரலில் வந்தால் மீதி முழுக்க பிரேக் டிரம்மின் தலையில். 50 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைத்தாலும் மிச்சம் இருக்கும் அளவுச் சூடு! டிரம் விரிந்து லைனரை விட்டு விலகுகிறது, லைனரும் சூட்டில் பிடிப்பை இழக்கிறது. கியரில் வந்திருந்தால் எஞ்சின் தன் உராய்விலும் காற்றை அமுக்கும் வேலையிலும் ஒரு பங்கை வாங்கிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் விஷயம். பதினாறு வருஷமாக எனக்குள் பேய் மாதிரி இருந்தது, நோட்டில் ஆறு வரியில் அடங்கிவிட்டது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். கணக்குப் போட்டதால் பயம் போய்விடவில்லை. மண்டைக்குப் புரிந்தது கைக்குப் புரியவில்லை.

தம்பி கதையைக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்கு வாங்கண்ணா" என்றான். 2024 ஜனவரி. எல்.எல்.ஆர். போட்டேன். ஒர்க்ஷாப் முதலாளி தன் பழைய ஆல்டோவைக் கொடுத்தார், சிவப்பு 'எல்' ஒட்டினோம். முதல் நாள் அவன் சாவியையே தரவில்லை. "கதவைத் திறங்க, மூடுங்க. எப்ப வேணாலும் திறந்துக்கலாம்னு கை நம்புற வரைக்கும் செய்யுங்க" என்றான். பாலிடெக்னிக் படிக்கிறவனா, மந்திரவாதியா என்று நினைத்தேன். செய்தேன். நாற்பது தடவைக்கு மேல் இருக்கும்.

இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் வெறும் கிளட்ச். ஆக்சிலரேட்டரைத் தொடக் கூடாது. முதல் கியரில் போட்டு, கிளட்சை நூல் நூலாக விட வேண்டும். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் லேசாகக் கனத்து, மூக்கு துளி தூக்கி, வண்டி நகரப் பார்க்கும். அதுதான் ஹாஃப் கிளட்ச். பிளைவீலும் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் எப்படித் தொட்டுக்கொள்கின்றன என்று நான் வகுப்பில் படம் வரைந்து பத்துக்கு ஒன்பது வாங்கியவன். அந்தத் தொடுதலை இடது பாதத்தில் உணர்ந்தது அன்றைக்குத்தான். வண்டி நகர்ந்தது. மிதித்தேன், நின்றது. மறுபடி விட்டேன், நகர்ந்தது. நான் சொன்னால் போகிறது, நான் சொன்னால் நிற்கிறது! ஒரு மணி நேரம் அதையே செய்தேன். கிரவுண்டில் கிரிக்கெட் ஆடிய பையன்கள், வண்டியில் ஏதோ கோளாறு என்று தள்ள வந்துவிட்டார்கள்.

நான்காம் வாரம்தான் பிரேக். இங்கே என் யோசனை ஒன்று. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, டேப் எடுத்துக்கொண்டு போனோம். 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் அடித்தால் எங்கே நிற்கிறது? மூன்று மீட்டர் சுமார். 40-ல்? பன்னிரண்டு மீட்டர் சுமார். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நாலு மடங்கு, புத்தகத்தில் இருக்கிற வர்க்க விதிதான். காலை எடுத்து வைக்க ஆகும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேராது. 40-ல் ஒரு விநாடிக்கு 11 மீட்டர். இரண்டையும் கூட்டி, கிரவுண்டில் ஒரு செங்கல் வைத்தோம். தம்பி அந்தச் செங்கலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "வாங்கண்ணா" என்றான். "டேய், தள்ளி நில்லுடா" என்று கத்தினேன். "நீங்கதானே அளந்தீங்க" என்றான். கடைசியில் நான் கெஞ்சி அவனை விலக்கிவிட்டுத்தான் ஓட்டினேன். வண்டி செங்கலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இறங்கிப் பார்த்துவிட்டு அந்தச் செங்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று முழுக்க என் கை கதவுப் பக்கம் போகவில்லை என்பதைத் தம்பி சொல்லித்தான் கவனித்தேன்.

மீதி சீக்கிரம் நடந்தது. விடியற்காலையில் பைபாஸ், பிறகு ஐந்து ரோடு மேம்பாலம். ஏற்றத்தில் முன் வண்டி நின்றுவிட, பின்னால் டவுன் பஸ் மூச்சு விடும் தூரத்தில். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்ச் கனக்கும் வரை காத்திருந்து விடுவித்தேன், ஒரு அங்குலம் பின்னால் போகவில்லை. லைசென்ஸ் வந்தது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏறிய கியரிலேயே இறங்கினேன்.

ஆவணியில் தருமபுரியில் ஒரு கல்யாணம். மாமாவை முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். அவர் லாரியை விட்டுப் பல வருஷம் ஆகிறது, முழங்கால் இன்னும் மழைக்கு வலிக்கும். திரும்பி வரும்போது கணவாய் இறக்கம். மூன்றாம் கியர், நாற்பது. இருவரும் பேசவில்லை.

"எத்தனைல வர்றே?"

"மூணுங்க மாமா."

"ரெண்டு போடு."

போட்டேன். எஞ்சின் உறுமி வண்டியை இழுத்துப் பிடித்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். மாமாவின் வலது கால் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது, அங்கே பெடலே இல்லை. இடது கை கதவுக் கைப்பிடியில். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. பதினேழு வருஷமாக இந்தப் பயம் என் ஒருவனுடையது என்றே நினைத்திருந்தேன்.

தீவட்டிப்பட்டியில் டீ குடித்தோம். கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு நீ குதிச்சிருந்தா பின் டயருக்குள்ள போயிருப்படா. சொல்லிட்டேனே, சொல்லிட்டேனேன்னு நெனச்சுக்கிட்டேதான் ஸ்டியரிங்கை ஒடிச்சேன். எங்க நீயா குதிச்சிருவியோன்னுதான் பயம்." எனக்குப் பதில் வரவில்லை. "இன்னொரு டீ சொல்லட்டுங்களா மாமா?" என்று கேட்டேன். "சர்க்கரை கம்மியா" என்றார்.

இப்போது ஒர்க்ஷாப்பில் பிரேக் வேலை எது முடிந்தாலும் முதல் ரவுண்டு நான்தான் போகிறேன். மழை இரவில் நெடுஞ்சாலை மட்டும் இன்னும் பழகவில்லை, எதிர் விளக்கு கண்ணில் அடித்தால் உள்ளங்கை கொஞ்சம் நனையத்தான் செய்கிறது. நம்மில் யாருக்காவது, அண்ணனோ தம்பியோ தங்கச்சியோ, ஸ்டியரிங் என்றால் வயிற்றைக் கலக்கினால் எல்.எல்.ஆரோடு ஞாயிறு காலை கிரவுண்டுக்கு வரலாம். டாக்ஸித் தம்பி இருப்பான், சுண்ணாம்பும் டேப்பும் என்னிடம் இருக்கின்றன. பெட்ரோல் காசு பாதிப் பாதி. செங்கல் பக்கத்தில் மட்டும் யாரும் நிற்கக் கூடாது.