தோணியின் இருபுறமும்

கோவளத்துக்குத் தெற்கே, விழிஞ்சத்தைத் தாண்டினால், புளிங்குடி, சொவ்வரா என்று கடலோரக் குன்றுகள் நீள்கின்றன. செம்மண் சரிவுகளில், தென்னைகளுக்கு நடுவே ஆயுர்வேத ரிசார்ட்டுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை ஐரோப்பியர்கள், அதிலும் ஜெர்மானியர்கள், வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். கர்க்கடகம் பிறந்தால், அதாவது நம் ஆடி மாதத்தில், உள்ளூர்க்காரர்களின் முறை. மழைக் குளிர்ச்சியில் உடம்பு எண்ணெயை நன்றாக ஏற்கும் என்று கேரளத்தில் வழிவழியாக நம்புகிறார்கள். அப்படியொரு கர்க்கடகத்தில் நானும் கணவரும் நாகர்கோவிலிலிருந்து அங்கே போனோம். அவருக்கு இடுப்பு வலிக்குச் சிகிச்சை. எனக்கோ எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடும் உழிச்சல் என்னும் வேலையையும் அதைச் செய்கிறவர்களையும் அருகிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. நிர்வாகத்திடம் முன்பே சொல்லி, பின்கட்டுக்குள் போய்வரவும் அனுமதி வாங்கியிருந்தேன்.

முதலில் வைத்தியர் அறை. பெண் மருத்துவர். நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பசி, தூக்கம், மலம் போவது வரை விசாரித்தார், ரத்த அழுத்தமும் பார்த்தார். எனக்கு அப்யங்கம் என்னும் எண்ணெய்த் தேய்ப்பும் தாரையும் என்று எழுதினார். கணவருக்கு இலைக்கிழியும் பிழிச்சலும்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்து தங்கும் இடம் அது. சாப்பாட்டுக்கூடம், யோகாசன மண்டபம், நீச்சல் குளம் எல்லாம் பொது. சிகிச்சை அறைகள் மட்டும் முற்றத்தின் ஒரு பக்கம் ஆண்களுக்கு, மறுபக்கம் பெண்களுக்கு. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பதில் விலக்கே கிடையாது. ஆயுர்வேத மையங்களை கிரீன் லீஃப், ஆலிவ் லீஃப் என்று தரம் பிரித்துச் சான்று தந்த கேரளச் சுற்றுலாத் துறை வைத்த நிபந்தனைகளில் இதுவும் ஒன்று. வெளிநாட்டுத் தம்பதியர் சிலர் இருவரையும் ஒரே அறையில் படுக்க வைக்கும்படி கேட்பார்களாம். அது முடியாது என்பதை மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொல்வார்.

கூச்சத்துக்காக வைத்த விதி என்றுதான் நானும் அதுவரை எண்ணியிருந்தேன். உள்ளே வேலை செய்கிற பெண்களோ அதை வேறு கோணத்தில் பார்க்கிறார்கள். அந்த விதி இருப்பதால், வருகிறவர் எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அவர்களிடம் தகாததைக் கேட்க வழியில்லை. பெண் விருந்தினர் வர வர, பெண்களுக்கு வேலையும் கூடுகிறது. முற்றத்தின் இரு பக்கமும் ஒரே அளவில் கட்டப்பட்டிருப்பதற்குக் காரணம் அந்த விதிதான். மீன்பிடியும் கயிறு திரிப்பும் தளர்ந்துபோன கடலோர ஊர்களில், பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடைக்கிற இடங்கள் சொற்பம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அதன் பெறுமதி புரியும்.

என் அறையின் நடுவே எண்ணெய்த்தோணி. பாத்தி என்பது அங்குள்ள பேச்சுவழக்கு. ஏழடி நீளத்துக்கு ஒரே மரத்தில் குடைந்தது. விளிம்பில் கரை கட்டியிருக்கும். நடுவில் லேசான சரிவு, கால்மாட்டில் வழிந்த எண்ணெய் இறங்க ஒரு துளை. நல்ல மரம் கிடைப்பது அருமையாகிவிட்டதால் இப்போது ஃபைபர் தோணிகளும் வந்துவிட்டன. மூலையில் அடுப்பு, அதன்மேல் வெந்நீர்ப் பாத்திரம், அந்தத் தண்ணீருக்குள் தைலக் கிண்ணம். தைலத்தை நேரே நெருப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது.

இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். மூத்தவர் பாறசாலைக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர், தமிழ் நன்றாகத் தெரியும். இளையவள் பூவாறு பக்கம். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. கையில் வளையலோ மோதிரமோ இல்லை. முதலில் பலகையில் உட்காரவைத்து உச்சியில் தைலம் வைத்தார் மூத்தவர். தலை, காது, உள்ளங்கால் ஆகிய மூன்று இடங்களையும் எண்ணெய்க்குத் தனியாக வலியுறுத்துகிறது வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். கேரள வைத்தியத்துக்கு அதுவே ஆதார நூல். அந்த வரிசையை அவர் பிசகாமல் கடைப்பிடித்தார்.

பிறகு தோணி. இருவரும் எதிரெதிரே நின்றார்கள். உட்கார்ந்த நிலை, மல்லாந்த நிலை, இடப்பக்கம், குப்புற, வலப்பக்கம், மறுபடி மல்லாந்து, மறுபடி உட்கார்ந்து என ஏழு நிலைகள். கழுத்தடியிலிருந்து கை ஒரே இழுப்பில் உள்ளங்கால் வரை இறங்கும், அங்கிருந்து திரும்பும். மூட்டு வந்தால் வட்டம், நீண்ட எலும்பின்மேல் நேர்கோடு, வயிற்றின்மேல் மிதமான சுற்று. இடப்பக்கக் கையும் வலப்பக்கக் கையும் ஒரே நொடியில் முழங்காலைத் தொடுகின்றன, ஒரே நொடியில் விலகுகின்றன. அழுத்தத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. எண்ணெய் எடுக்கக் கிண்ணத்துக்குக் கை போகும்போதுகூட மற்றக் கை உடம்பிலேயே இருந்தது. தொடுகை ஒரு கணமும் அறவில்லை. அறையில் யாரும் பேசவில்லை.

எழுந்ததும் சிறுபயற்று மாவு தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தார்கள். குளித்து வந்தபின் உச்சியில் ராஸ்னாதிப் பொடி வைத்துத் தேய்த்தார் மூத்தவர். ஈரம் தலையில் இறங்காமல் இருக்க அந்தப் பொடி. என் உடம்பு லேசாகியிருந்தது. அவர்களோ அதே கையோடு தோணியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவத் தொடங்கியிருந்தார்கள். அடுத்தவர் வர வேண்டிய நேரமாகியிருந்தது.

மதியத்துக்குப் பிறகு பின்கட்டில் அவர்களைப் பார்த்தேன். அறைக்குள் என்னை ‘மேடம்’ என்ற மூத்தவர் அங்கே ‘மோளே’, அதாவது மகளே, என்றார்.

“ரெண்டு பேரும் மனசுக்குள்ள எண்ணுவீங்களா சேச்சி?” என்று கேட்டேன்.

“எண்ணத் தொடங்கினா கை மரக்கட்டையாப் போகும் மோளே. எதிர்ல நிக்கிறவளோட தோளைப் பாக்கணும். கையைப் பாத்தா பிந்திப்போவோம். தோள்தான் முதல்ல அசையும்.”

இளையவள் பயிற்சியில் சேர்ந்த காலத்தைச் சொன்னாள். பழகுகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் செய்துதான் கற்கவேண்டும். ஒவ்வோர் இழுப்பும் தன் உடம்பில் எப்படி இருக்கும் என்று தெரியாமல் அடுத்தவர் உடம்பில் கை வைக்க விடமாட்டார்கள். சில நாள் ஆசிரியையே தோணியில் படுத்துக்கொள்வார். கண்ணை மூடியபடியே, “இடது கை பிந்துது, வலது கை கனக்குது” என்று சொல்வாராம். பலம் மணிக்கட்டிலிருந்து வரக் கூடாது. குதிகாலை ஊன்றி, உடம்பின் பாரத்தை முன்னும் பின்னும் மாற்றுவதிலிருந்து வரவேண்டும். இது பிடிபட மாதக்கணக்காகும். அது பிடிபடாமல் வேலைக்கு வந்தவர்களின் கட்டைவிரல் மூட்டு சீக்கிரமே தேய்ந்துபோகிறது. பிடிபட்டவர்களுக்கும் இடுப்பு மிஞ்சுவதில்லை என்றார் மூத்தவர்.

மறுநாள் விடியுமுன் கிழி கட்டும் கூடத்துக்குப் போனேன். இலைக்கிழிக்கு நொச்சி, எருக்கு, ஆமணக்கு, முருங்கை, புளி இலைகளை நறுக்கிக் குவித்திருந்தார்கள். தேங்காய்த் துருவலும் எலுமிச்சைத் துண்டும் சேர்த்து, எண்ணெய் விட்டு வதக்கினார்கள். தேங்காய் சிவக்கும் பதத்தில் இறக்கி, துணியில் வைத்து முடிந்தார்கள். முடிச்சு நிற்கும் கழுத்து கைப்பிடியாகிவிடும். நவரைக்கிழிக்கு வேறு முறை. அறுபது நாளில் விளையும் நவரை அரிசியை, குறுந்தோட்டிக் கஷாயமும் பாலும் சேர்த்துக் குழையவிட்டுக் கட்டுகிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற நெல் அது. மிச்சக் கஷாயப்பால் அடுப்பில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும். ஆறிய கிழி அதற்குள் போக, சூடான கிழி கைக்கு வரும். சூட்டைப் புறங்கையில் வைத்துப் பார்த்த பிறகே விருந்தினரின் தோலில் வைக்கிறார்கள். தங்கள் கையில் ஒரு நாளில் எத்தனை முறை சூடு வாங்குகிறோம் என்று அவர்கள் யாரும் எண்ணுவதில்லை.

தைலங்களில் பெரும்பாலானவை மருந்துக் கம்பெனிகளிலிருந்து வருகின்றன. சிலவற்றை மட்டும் அங்கேயே ஒரு பெரியவர் காய்ச்சுகிறார். கல்கம் என்னும் அரைத்த மூலிகை விழுது ஒரு பங்கு, நல்லெண்ணெய் நான்கு பங்கு, கஷாயம் பதினாறு பங்கு என்பது பொதுக் கணக்கு. அகன்ற உருளியில் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். பதம் பார்க்க அவர் கல்கத்தில் கொஞ்சம் எடுத்து விரலால் உருட்டினார். திரி போல உருண்டு வந்தது. அதை நெருப்பில் போட்டபோது சடசடப்பு எழவில்லை. நீர் முற்றும் போய்விட்டது என்று பொருள். தைலமானால் இந்த நேரத்தில் நுரை கட்டும், நெய்யானால் கட்டியிருந்த நுரை அடங்கும் என்றார். இன்னும் சற்று விட்டால் கல்கம் கருகி முறுகிவிடும், அந்த எண்ணெயை உடம்புக்கு ஆகாதென்று தள்ளவேண்டும். க்ஷீரபலா தைலத்தைப் பாலும் குறுந்தோட்டியும் சேர்த்து 101 தரம் திரும்பத் திரும்பக் காய்ச்சும் வழக்கமும் உண்டு.

கணவருக்கு நடந்த பிழிச்சலைப் பற்றி ஆண்கள் பக்கத்து மூத்த உழிச்சல்காரர் விவரித்தார். இளஞ்சூட்டுத் தைலத்தில் நனைத்த துணியை உள்ளங்கையில் அடக்கிப் பிழிய, கட்டைவிரல் வழியாக எண்ணெய் தாரையாக இறங்கும். மற்றக் கை உடனுக்குடன் தேய்த்துக்கொண்டே போகும். கீழே வழிவதைச் சேர்த்து மறுபடி சூடாக்கித் தர ஓர் ஆள் தனியாக வேண்டும். லிட்டர் கணக்கில் எண்ணெய் செலவாகும் என்பதால் ஒரு காலத்தில் அரண்மனைகளுக்கும் பெரிய தறவாட்டு வீடுகளுக்கும் மட்டுமே எட்டிய சிகிச்சை அது.

கடைசியாக எனக்குத் தாரை. நெற்றிக்கு நான்கு விரற்கடை மேலே பாத்திரம் தொங்கியது. அடியில் துளை, துளையில் திரி. புருவத்துக்கு மேலே துணிப்பட்டை கட்டி, கண்ணில் எண்ணெய் வழியாமல் தடுத்தார்கள். ஒருவர் பாத்திரத்தை மெல்ல ஆட்ட, ஒரு பொட்டிலிருந்து மறு பொட்டுக்குத் தாரை போய் வந்தது. இன்னொருவர் தலைமாட்டில் சேரும் எண்ணெயை எடுத்துச் சூடாக்கி மறுபடி ஊற்றினார். முக்கால் மணி நேரம் தாரை அறுந்துவிடக் கூடாது, வேகம் மாறக் கூடாது, வெம்மை இறங்கக் கூடாது. அவ்வளவு நேரமும் ஆட்டுகிறவரின் கை தாங்கலின்றி அந்தரத்தில் நிற்கிறது. உழிச்சலைவிடத் தாரைதான் தோளை அதிகம் வலிக்கச் செய்கிறது என்று இளையவள் பிறகு சொன்னாள். படுத்திருப்பவருக்குத் தூக்கம் வருகிற அளவுக்கு, நிற்கிறவர் விழிப்பாக இருக்கவேண்டிய வேலை.

மூத்தவரின் தாயார் பேறுகாலம் முடிந்த வீடுகளுக்குப் போய், பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து வேதுநீர் ஊற்றியவர். எங்கள் குமரி மாவட்டமும் 1956 வரை முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததுதானே, எங்கள் ஊர் வீடுகளுக்கும் அப்படிப்பட்ட பெண்கள் வந்துபோனார்கள். கூலியாக நெல்லும் ஒரு முண்டும் கிடைக்கும். கோட்டக்கல்லில் பி.எஸ். வாரியர் 1902இல் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கியபோது மருந்து காய்ச்சுவது வீடுகளிலிருந்து பெரிய கூடங்களுக்குப் பெயர்ந்தது. பின்னாளில் சுற்றுலா வந்து, உழிச்சலையும் மாதச் சம்பள வேலையாக்கியது. அந்தத் தாயாரின் மகளான மூத்தவருக்கு இன்று சீருடை இருக்கிறது, சேமநிதி இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது. உடன் வேலை பார்த்தவர்களில் சிலர் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்விட்டார்கள்.

ஆனாலும் இளையவளின் வீட்டில் கல்யாணத் தரகரிடம் அவள் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாகத்தான் சொல்கிறார்கள். நகரங்களில் உழிச்சல் என்ற பெயரில் நடக்கும் வேறு வியாபாரங்களின் அழுக்கு இந்தப் பெண்களின்மேல் தெறிக்கிறது. “நான் செய்யிறதுல ஒளிக்க ஒண்ணும் இல்ல சேச்சி. அம்மாதான் பயப்படுறா” என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்த வருத்தம் இன்னும் என்னை விடவில்லை.

தறியில் நெய்தவரின் வேலை சேலையாக நிற்கும், கொல்லரின் வேலை அரிவாளாக நிற்கும். உழிச்சல் செய்கிறவரின் வேலை அடுத்தவர் உடம்பில் இறங்கி மறைந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் பொருள் மிஞ்சாததாலேயே அதைக் கைத்தொழில் கணக்கில் சேர்க்க நாம் தவறுகிறோம். சிகிச்சைச் சீட்டில் வைத்தியர் பெயர் இருந்தது, தைலத்தின் பெயர் இருந்தது. செய்தவர்களின் பெயர் எங்குமில்லை. ஏட்டில் உள்ளதை உடம்புக்குக் கொண்டுசேர்க்கிறவர்கள் அவர்கள். தைலத்தைக் காசு கொடுத்து எங்கும் வாங்கலாம். இரண்டு பேர் ஒரே மூச்சில் கை நகர்த்தும் பழக்கத்தை அப்படி வாங்க முடியாது.

அதனால் ரிசார்ட் நடத்துகிறவர்களிடம் சொல்ல எனக்குச் சில கோரிக்கைகள் இருக்கின்றன. ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் கையை நீட்டி மடக்க நேரம் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு இத்தனை தோணிகள்தான் என்று வரம்பு வையுங்கள். மூட்டுத் தேய்மானத்தைத் தொழில்நோயாக ஏற்று, அதே வைத்தியத்தை அவர்களுக்கும் இலவசமாகச் செய்யுங்கள். வேலையைச் செய்தவரின் பெயரைச் சீட்டில் எழுதுங்கள். போகிற நமக்கும் கடமை உண்டு. நேரத்துக்குப் போவோம், மருத்துவர் எழுதியதற்கு மேல் கேட்காமல் இருப்போம், பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டு நன்றி சொல்வோம். வீட்டுக்கு வந்தபின் நாலு பேரிடம் பேசும்போது, கடலையும் சாப்பாட்டையும் சொல்வதோடு, இந்த வேலை கௌரவமானது, கற்றுத் தேர்ந்தவர்கள் செய்வது என்பதையும் சொல்வோம். ஓர் ஊரில் நாலு வீடு அப்படிப் பேசத் தொடங்கினாலே, தரகரிடம் பொய் சொல்லவேண்டிய அவசியம் ஒரு தாய்க்காவது இல்லாமல் போகும்.